வேணும், வேணாம்: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு குரல் வழிகாட்டி

"நாளைக்கு ரெண்டு லோடு வேணாம்." பதினைந்து பேர் முன்னால் நின்று இதைச் சொல்கிறீர்கள். முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறது. பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் நிற்பவருக்கு "ரெண்டு லோடு வே..ம்" என்றுதான் போய்ச் சேர்கிறது. வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அது சரியாக உங்கள் மூச்சு தீர்கிற இடத்தில் விழுகிறது. மறுநாள் காலை கேட்டில் ரெண்டு லோடு வந்து நிற்கும்.

பொறுப்பில் இருப்பவர் தமிழில் பேசும்போது வருகிற பெரிய சிக்கல் இதுதான். செய்ய வேண்டுமா கூடாதா, முடிந்ததா இல்லையா, நானா நீங்களா, எல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. பேசுகிறவரின் மூச்சோ தலையில் நிறைந்து வாலில் வற்றுகிறது. குரல் பயிற்சி பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பேச்சை மனதில் வைத்தவை. ஆங்கிலத்தில் வினைச்சொல் பாதி வழிக்கு முன்னாலேயே வந்துவிடும். வால் தேய்ந்தாலும் சேதி சேர்ந்திருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை.

சூப்பர்வைசர், ஷிஃப்ட் இன்சார்ஜ், டீம் லீடர், தலைமையாசிரியர், மகளிர் குழுத் தலைவி, ஊராட்சித் தலைவர் என்று புதிதாகப் பொறுப்புக்கு வந்து, பத்துப் பேர் முதல் இருநூறு பேர் வரை கூட்டிப் பேச வேண்டியவர்களுக்கு இது. கணீர்க் குரலோடு பிறந்திருக்கத் தேவையில்லை. தினம் 15 நிமிடம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

பின்வரிசையிலிருந்து கேளுங்கள்

முதல் வேலை, ஒரு பதிவு. செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, கூட்டத்தில் கடைசி ஆள் நிற்கும் இடத்தில் வையுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி இருந்தால் சரி. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் எல்லோர் குரலும் நன்றாகத்தான் இருக்கும், அதிலிருந்து எதுவும் தெரியவராது. பதிவு செய்வதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டே செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

போட்டுக் கேட்டதும் "இது என் குரலே இல்லையே" என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டுவருவது பதிவில் இருப்பதைத்தான். நாலைந்து முறை கேட்டால் கூச்சம் போய்விடும்.

பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, முதல் பத்து வாக்கியங்களில் எத்தனையில் கடைசிச் சொல் முழுதாகக் கேட்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அடுத்து "வந்து", "அதாவது", "என்னன்னா", "ஓகேவா" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றாவது வேகம். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கிலக் குறிப்புகள் சொல்வதைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்பது நமக்கு ஒரே சொல். வேலை சொல்லும் பேச்சுக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரை இருந்தால் கேட்பவர் தாங்குவார். 120ஐத் தாண்டினால் தலையாட்டிக்கொண்டு நிற்பார், மனதில் ஏறாது.

தாளில் தேதி போட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் போனை வைத்துப் பதிந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மூச்சு

நுரையீரலிலிருந்து வரும் காற்று தொண்டையில் இருக்கும் இரண்டு குரல் மடிப்புகளை அதிரவைக்கிறது. ஆணுக்கு அவை சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 12 முதல் 17 வரை. இத்தனை சிறிய சதையை ஓட்டுவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் மடிப்புகள் சீராக அதிராமல் கரகரவென்று நொறுங்கும், பிறகு நின்றுவிடும். வாக்கியத்தின் வாலில் கேட்கும் அந்தக் கரகரப்பு மூச்சு போதவில்லை என்பதற்கு அடையாளம். எழுத்து பிறக்கும் கதையை நம் பழைய இலக்கணக்காரர்கள் உந்தியிலிருந்து கிளம்பும் காற்றில் தொடங்கியது சும்மா இல்லை.

முதல் மூன்று நாள் படுத்துக்கொண்டு செய்யுங்கள். மல்லாந்து படுத்து, தொப்புள் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்து, மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர்கிறதா, விடும்போது இறங்குகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். நெஞ்சும் தோளும் சும்மா இருக்க வேண்டும். நாலாம் நாள் நின்றுகொண்டு, ஒரு கையை வயிற்றில் வைத்து அதையே செய்யுங்கள். பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் சீராகக் காற்றை விடுங்கள். 15 விநாடியில் தொடங்கி, ஒரு வாரத்தில் 25 விநாடிக்குப் போகலாம். கடைசி ஐந்து விநாடியில் சத்தம் தள்ளாடக்கூடாது.

அதற்கப்புறம் ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். "ஒன்று" எந்தச் சத்தத்தில் வந்ததோ அதே சத்தத்தில் "பத்து" வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஏழில் இறங்க ஆரம்பிக்கும். இறங்கினால் பெரிய மூச்சாக இழுக்கத் தேவையில்லை, தொடக்கத்தில் குறைவாகச் செலவழியுங்கள். புதியவர்கள் "ஒன்று, இரண்டு"க்கே பாதிக் காற்றைக் கொட்டிவிடுகிறார்கள்.

இங்கே சரிப்படாமல் போவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். மேடைக்கு முன் நெஞ்சு விம்மும்படி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது முதலாவது. அப்போது தோள் ஏறும், கழுத்துத் தசை இறுகும், குரல் மேலே போகும். பெல்ட்டையோ உள்பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டியிருந்தால் வயிறு விரிய இடமே இருக்காது. கூட்ட நாளில் ஒரு பிடி தளர்த்தியே கட்டுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே பேசுவது இன்னொன்று. மதியக் கூட்டம் என்றால் அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வாலைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் பழகப்போகிறேன் என்றால் இந்தப் பகுதியைப் பழகுங்கள்.

காலையில் சொல்லப்போகும் வேலைகளை ஐந்து வாக்கியமாகப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள். எழுத்துத்தமிழில் எழுதினால் வாசிக்கும்போது மேடைக்குரல் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் கடைசி வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். இனி வாலிலிருந்து தலைக்குப் பின்னோக்கிக் கட்டுங்கள்:

அனுப்பணும்.
நாலு மணிக்குள்ள அனுப்பணும்.
கரூர் லோடை நாலு மணிக்குள்ள அனுப்பணும்.
நேத்து நின்னுபோன கரூர் லோடை நாலு மணிக்குள்ள அனுப்பணும்.

ஒவ்வொரு வரியிலும் "அனுப்பணும்" முதல் வரியில் இருந்த அதே கனத்தோடு வர வேண்டும். முன்னால் சேர்க்கச் சேர்க்க அது மெலிந்தால், மெலிந்த வரிக்கே திரும்பிப் போங்கள். எந்த வரியில் தேய்கிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் ஒரு மூச்சின் அளவு. அதைவிட நீளமாக யாருக்கும் வேலை சொல்லாதீர்கள்.

கடைசிச் சொல்லுக்கு முன்னால் அரை விநாடி நிறுத்தலாம். "நாலு மணிக்குள்ள... அனுப்பணும்." அந்தச் சின்ன இடைவெளியில் வயிறு தானாக ஒரு வாய் காற்றை எடுத்துக்கொள்ளும். கேட்பவரும் வரப்போகும் வினைக்குக் காதைத் தயார் செய்துகொள்வார். கடைசிச் சொல்லை உறுமக்கூடாது. முதல் சொல்லின் அளவு சத்தம் போதும்.

நீளத்தில் நம்மைக் கெடுப்பது "-ட்டு". இப்படி ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "செந்தில் வந்ததும் ஸ்டாக்கைப் பார்த்துட்டு, குறையிறதை எழுதிட்டு, ஸ்டோருக்குப் போன் பண்ணிட்டு, அவங்க தர்றதை வாங்கி வச்சிட்டு, மிஷினை ஓட்ட ஆரம்பிக்க வேணாம், எனக்குச் சொல்லுங்க." இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் முதல் நாலு வேலையும் "-ட்டு"வில் தொங்கிக்கொண்டிருக்க, அவற்றில் ஒன்றுக்கும் முற்று விழவில்லை. கேட்பவருக்கு முதலும் கடைசியும்தான் நிற்கும். "மிஷின்" காதில் விழுந்த கையோடு யாராவது ஓட்டப் போய்விடுவார்கள். அதையே இப்படி உடையுங்கள்: "செந்தில் வந்ததும் ஸ்டாக்கைப் பாருங்க. குறையிறதை எழுதுங்க. ஸ்டோர்ல வாங்கி வையுங்க. மிஷினைத் தொடாதீங்க. எனக்குச் சொல்லுங்க." ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்று, ஒவ்வொரு முற்றுக்கும் ஒரு மூச்சு.

அதில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள். "ஆரம்பிக்க வேணாம்" போய் "தொடாதீங்க" வந்திருக்கிறது. சத்தமான இடத்தில் தடை சொல்லும்போது வேணாம் என்ற சொல்லை நம்பக்கூடாது. திறக்காதீங்க, ஏத்தாதீங்க, நிறுத்தாதீங்க என்று "-ஆதீங்க" வடிவில் சொன்னால் பாதி கேட்டாலும் தடை என்று புரியும். "முடியும், முடியாது", "வரும், வராது" ஜோடிகளும் இதே ஆபத்து. அங்கே மறுப்பை முன்னால் ஒரு தனி வாக்கியமாக வையுங்கள்: "இல்ல. இன்னைக்கு டெலிவரி வராது."

சுருக்கமாக ஒரு சோதனை. பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "ம்" என்பார்கள். பின்வரிசையில் ஒருவரைப் பார்த்து, "அண்ணே, லோடு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் குரலுக்கு மார்க்.

மரியாதை குரலைக் குறைப்பதில் இல்லை

தன்னைவிடப் பத்து இருபது வயது மூத்தவர்களுக்கு வேலை சொல்ல வேண்டிய இளைஞர்கள், மாமனார் வயதுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பேசவேண்டிய பெண்கள், இவர்களுக்கு வால் தேய்வதற்கு மூச்சு மட்டும் காரணமல்ல. பெரியவர்கள் முன் குரலைத் தாழ்த்துவது பணிவு என்று சிறுவயதிலிருந்தே பழகியிருக்கிறோம். பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் மரியாதைக்கு வேறு இடம் இருக்கிறது: அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்ற விளி, "-ங்க" என்ற விகுதி. அவை தங்கள் வேலையைச் செய்யட்டும். குரல் தன் வேலையைச் செய்யட்டும்.

"அந்த மூணு பெட்டியையும்... கொஞ்சம் அடுக்கிட்டா... நல்லாருக்குமே..." என்று இழுப்பதைவிட, "ராமண்ணே, மூணு மணிக்குள்ள அந்த மூணு பெட்டியையும் அடுக்கிடுங்க" என்பதில் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

இங்கே வாலின் இறக்கத்தையும் கவனிக்க வேண்டும். "அடுக்கிடுங்க" என்று சுருதி கீழே இறங்கி முடிந்தால் அது முடிவு. மேலே ஏறி முடிந்தால் கேள்வி. இறங்குவது சுருதி மட்டும், சத்தம் இறங்கக்கூடாது. இரண்டையும் பிரித்துச் செய்வது முதலில் கஷ்டமாக இருக்கும். வீட்டில் "ஆமா" என்ற ஒரே சொல்லை, அதே சத்தத்தில், ஒரு முறை கேள்வியாகவும் ஒரு முறை முடிவாகவும் இருபது தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கூடவே "-லாமா"வைக் கண்காணியுங்கள். உண்மையிலேயே கருத்துக் கேட்கும்போது "ஆரம்பிக்கலாமா?" சரி. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் "ஆரம்பிக்கலாம்" என்று நிறுத்துங்கள்.

சுருதியைக் கட்டாயப்படுத்தாதீர்கள்

பேச்சில் ஆண் குரல் பொதுவாக விநாடிக்கு 85 முதல் 180 அதிர்வு வரையிலும், பெண் குரல் 165 முதல் 255 வரையிலும் இருக்கும். பதற்றத்தில் கழுத்துத் தசை இறுகி, மடிப்புகள் இழுபட்டு, இது மேலே போகும். அப்போதுதான் "கீச்சுனு பேசுறாங்க" என்ற பேச்சு வருகிறது, அதுவும் பெண்களைப் பற்றித்தான் அதிகம் வரும். பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் பயிற்சி எடுத்துத் தன் குரலின் சுருதியைத் தாழ்த்திக்கொண்டது பலருக்கும் தெரிந்த கதை. அதைப் படித்துவிட்டுத் தானாகத் தொண்டையை அமுக்கிக் கனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அது வேண்டாத வேலை. இருபது நிமிடத்தில் தொண்டை நோகும், கவனம் சொல்லில் இருந்து குரலுக்குப் போய்விடும்.

உங்கள் இயல்பான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: நெருங்கிய ஒருவர் போனில் கதை சொல்லும்போது அக்கறையோடு "ம்ம்" கொட்டுவீர்களே, அந்த "ம்ம்" விழும் இடம். வாயை மூடி அதே சுருதியில் ஐந்து முறை "ம்ம்ம்" என்று நீட்டுங்கள். உதட்டிலும் மூக்குத்தண்டிலும் லேசான அதிர்வு தெரிய வேண்டும். ஐந்தாவது "ம்ம்"மை அப்படியே "ம்ம்மணி எட்டு" என்று சொல்லாக மாற்றுங்கள். கூட்டத்துக்குப் போகும் வழியில் இதைச் செய்துவிட்டுப் போனால் தொடக்கம் சரியான இடத்தில் விழும். முதல் சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுக்காதீர்கள், வெளியே விடுங்கள். விட்ட மூச்சு தானாக உள்ளே வரும்போது பேச ஆரம்பித்தால் சுருதி ஏறாது.

கத்துவதைவிட நடப்பது மலிவு

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். நேருக்கு நேர் சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. 8 மீட்டரில் இருந்து 2 மீட்டருக்கு நடந்து போனால் 12 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அந்த 12ஐத் தொண்டையிலிருந்து எடுத்தால் அது கத்தல், தினமும் எடுத்தால் குரல் கம்மிவிடும்.

தறி, பிரெஸ், கம்ப்ரஸர் ஓடும் இடத்தில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேலே குரலை எழுப்பி எந்தத் தலைவரும் ஜெயித்ததில்லை. சுற்றிலும் சத்தம் கூடும்போது நமக்குத் தெரியாமலே நம் குரலும் கூடும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் இதை விளக்கினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். அதாவது மிஷின் பக்கத்தில் நின்று பேசினால் நீங்கள் கத்திக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியாது. ஐந்து நிமிடக் கூட்டத்தை மிஷின் ஓடாத மூலைக்கு, ஷிஃப்ட் மாறும் இடைவெளிக்கு மாற்றுங்கள். மின்விசிறி, கூலர் எதற்குக் கீழேயும் நிற்காதீர்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தாமல் அரைவட்டமாக நிறுத்தினால் கடைசி ஆள் பாதித் தூரத்துக்கு வந்துவிடுவார். ஓடும் மிஷின் பக்கத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றால் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒரு சொல், ஒரு கைச்சாடை. விளக்கம் வெளியே வந்த பிறகு.

எண்கள் தனி ஆபத்து

தொண்ணூறு என்றால் 90, தொள்ளாயிரம் என்றால் 900. எழுபது, எழுநூறு, எண்பது, எண்ணூறு எல்லாம் ஒரே தலையோடு வந்து வாலில் பிரிகின்றன. ஆகவே எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள், இரண்டாம் முறை இலக்கம் இலக்கமாக: "எழுநூறு பீஸ். ஏழு, சைபர், சைபர்." எண்ணுக்கு முன் ஒரு விநாடி நிறுத்தம், எண்ணுக்குப் பின் ஒரு விநாடி நிறுத்தம். "வந்து", "அதாவது" எல்லாம் முளைப்பது இந்த மாதிரி மௌனத்துக்குப் பயந்துதான். வாயை மூடினால் "வந்து" வராது. உதடு இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கண்டிக்கும்போது

ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில், வழக்கமான சத்தத்துக்குச் சற்றுக் கீழே பேசுங்கள். சத்தம் ஏறினால் அவர் கேட்பது உங்கள் கோபத்தை. அப்புறம் மற்றவர்களிடம் போய்ச் சொல்வதும் அதைத்தான். பாராட்டும்போது நேர்மாறு: எல்லோர் முன்னாலும், பின்வரிசை வரை கேட்கும்படி. தமிழ்நாட்டில் திட்டுவது ஊருக்கே கேட்கும், பாராட்டு காதோடு காதாக நடக்கும். அதைத் திருப்பிப் போட்டாலே பாதி நிர்வாகம் முடிந்தது.

மைக் கைக்கு வந்தால்

கையில் பிடிக்கும் மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் நாலு விரல் அகலம். மேசையில் வளைந்து நிற்கும் மைக்குக்கு ஒரு சாண். வாய்க்கு நேராக வைக்காமல், கீழிருந்து சாய்வாக மோவாய் உயரத்தில் பிடியுங்கள். "பஞ்சாயத்து", "பணம்", "பத்து" என்னும்போது உதட்டிலிருந்து தெறிக்கும் காற்று நேராக மைக்கில் விழுந்தால் "டொப்" என்று இடிக்கும்.

வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பின்பக்கத்துத் துளைகள் வழியாகத்தான் அந்த மைக் முன்பக்கச் சத்தத்தை மட்டும் பிரித்து எடுக்கிறது. பொத்தினால் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துக் கூவும். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து சுற்றுவதுதான் அந்தக் கூவல். எனவே ஸ்பீக்கர் எப்போதும் உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கூவினால் மைக்செட் ஆளை முறைப்பதற்கு முன் ஸ்பீக்கரை விட்டு இரண்டடி தள்ளி வந்து பாருங்கள். சோதிக்க மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம். பேசப்போகும் முதல் வாக்கியத்தையே பேசும் சத்தத்தில் சொல்லிப் பாருங்கள். மைக் இருக்கிறதே என்று குரலைத் தளரவிட்டால் வால் மறுபடியும் போய்விடும். மைக் சத்தத்தைப் பெருக்கும், இல்லாத சொல்லை உண்டாக்காது.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் குறித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மரத்தடி, கோயில் திடல், பள்ளி மைதானம். கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளி, தெருமுனையில் இன்னொரு கூம்பு இருந்தால் அதன் சத்தம் அரை விநாடி தாமதமாக வந்து உங்கள் அடுத்த சொல்லின் மேல் விழும். அங்கே வேகமாகப் பேசினால் இரண்டு தலைவர்கள் சண்டை போடுவது மாதிரி கேட்கும். மூன்று நாலு சொல், ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று நாலு சொல்.

தீர்மானம் அரசாங்கத் தமிழில் இருக்கும், "அனுமதி அளிக்கலாம் எனத் தீர்மானிக்கப்படுகிறது" வரை ஒரே வாக்கியம் பத்து வரிக்கு நீளும். அதை ஒருமுறை அப்படியே வாசித்துவிடுங்கள். பிறகு தாளைக் கீழே இறக்கி, கூட்டத்தைப் பார்த்துப் பேச்சுத்தமிழில் மூன்று வாக்கியம்: எந்தத் தெருவில், என்ன வேலை, எவ்வளவு ரூபாய். விளிகளில் கவனம் தேவை. "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து எட்டுப் பேரை உச்சஸ்தாயியில் அழைத்துவிட்டால், அதே உச்சத்தில்தான் மீதிப் பேச்சும் ஓடும். விளியைச் சாதாரணச் சுருதியில் தொடங்குங்கள்.

போனிலும் ஆன்லைனிலும்

பழைய வகைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆண் குரலின் அடி அதிர்வே அதற்குக் கீழே போய்விடுகிறது. ஆக, போனில் கனத்த குரலுக்கு மதிப்பில்லை, மெய்யெழுத்துகளின் துல்லியத்துக்குத்தான் மதிப்பு. வாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்து பேசுங்கள். ஆன்லைன் கூட்டங்களில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி, மெலிந்து போகும் வாக்கிய வாலையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுவதுண்டு. ஹெட்செட் மைக்கை வாய்க்கோணத்துக்கு இரண்டு விரல் தள்ளி வைத்து, கடைசிச் சொல்லை முழுதாகச் சொல்லுங்கள்.

தொண்டை

குடிக்கும் தண்ணீர் குரல் மடிப்புகளை நேராகத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. உடம்பில் நீர் சேர்ந்து மடிப்புகளின் ஈரம் கூட நேரம் எடுக்கும். பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்குத் தண்ணீர் குடித்துப் பயனில்லை, எழுந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதம். சளியைக் கனைத்துக் கனைத்து எடுக்கும் பழக்கம் மடிப்புகளை ஒன்றோடொன்று அறையவைக்கிறது. கனைக்கத் தோன்றும்போது எச்சிலை விழுங்குங்கள் அல்லது ஒரு மிடறு தண்ணீர். இரவு பத்து மணிக்குக் காரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் காலையில் குரல் கட்டியிருக்கும். புகையும் புகையிலையும் குரலுக்கு நேர் எதிரி.

கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை ஆழத்துக்கு விட்டு, அதன் வழியே "ஊ..." என்று குரல் கொடுங்கள், குமிழி வரும். ஒரே சுருதியில் ஒரு நிமிடம், பிறகு ஏற்றி இறக்கி இரண்டு நிமிடம். ஸ்ட்ராவில் ஏற்படும் எதிரழுத்தம் மடிப்புகளைப் பலமாக மோதாமல் அதிரவைக்கும். கன்னம் உப்பினால் அதிகம் ஊதுகிறீர்கள் என்று பொருள்.

கரகரப்பு மூன்று நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலில் இரத்தம், விழுங்கக் கஷ்டம், மூச்சு வாங்குதல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கூட்ட நாளன்றே குரல் போய்விட்டால் குசுகுசுவென்று பேசிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பலர் அதற்கு இன்னும் அதிகமாகத் தொண்டையை இறுக்குகிறார்கள். அன்றைய ஐந்து வாக்கியங்களைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள், வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். குழுவில் கணீரென்று பேசும் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்வரிசையில் போய் நின்று கடைசிச் சொல் கேட்கிறதா என்று பாருங்கள்.